பரோக் மேதை ஹேமநாதனும் ஒரு நுழைவுத் தேர்வும்

ஐரோப்பிய இசையில் 'பரோக்' என்றொரு பொற்காலம் உண்டு. அது 1750-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்கிறது சரித்திரம். சரித்திரம் திருத்தணிப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் தொங்கும் என் பலகையைப் படித்திருக்கும்: 'ஹேமநாதன், பரோக் இசையமைப்பாளர். வயலினும் கற்றுத்தரப்படும்.'

இந்தத் தகுதி எனக்குச் சும்மா வரவில்லை. ஏழு மாதம், ஞாயிறுதோறும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்க் கற்றேன். எட்டாவது மாதம் என் ஆசிரியர் வீடு மாறினார். புது விலாசத்தை என்னிடம் சொல்லவில்லை. 'இனி உனக்குக் கற்றுத்தர ஒன்றுமில்லை' என்பதை இதைவிட நாகரிகமாக எப்படிச் சொல்வது?

என் தலைமாணவி சுசித்ரா. பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா மணவாளன் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு உருகிப்போனார்.

"பொண்ணு வாசிச்சா மனசுக்கு எதமா கீது சார். நீங்க வாசிச்சா தறிகிட்டயே நின்னுகினு இருக்கற மாதிரி இருக்குதுங்க."

என் தாளக் கட்டுப்பாட்டை ஒரு தொழிலாளி அங்கீகரித்த தருணம் அது.

நான்காம் ஆண்டு, சென்னை இசைக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் அத்தை மகன். வீட்டில் அப்படித்தான் பேச்சு. ஆகவே நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து, என் சொந்தப் படைப்பையே வாசிக்கும்படி 'ஆணை' பிறப்பித்தேன்.

"செல்போன்ல கேட்டு ஒண்ணு பழகிகினு இருக்கேன் சார். அத்த வாசிக்கட்டுமா?"

"செல்போனுக்கு என்னம்மா தெரியும்?"

தேர்வு அறைக்கு வெளியே நின்றேன். என் படைப்பு தொடங்கியது. நான்காவது வரியில் உள்ளேயிருந்து ஒரு குரல் "போதும்மா" என்றது. பிரமிப்பு தாங்கவில்லை போலும்.

கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு வேறொன்றை வாசித்தாள். அந்த செல்போன் சங்கதிதான். கோபப்பட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். இப்படி ஓர் இசை என் மாடியில் ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே வந்தாள். "சீட்டு கெடைச்சிருச்சு சார்!"

"என் படைப்பைப் பற்றி என்ன சொன்னார்கள்?"

"யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. எங்க சாருன்னேன். எத்தினி வருஷமா அவர்கிட்ட கத்துக்கினு இருக்கேன்னாங்க. நாலு வருஷம்னேன்."

"ஆங், அப்புறம்?"

"வேற ஏதாவது வாசின்னாங்க. வாசிச்சேன். முடிச்சதும் ஒரு அம்மா எழுந்து வந்து என் கையப் புடிச்சிக்கினு, 'நாலு வருஷமா? எப்படிம்மா தப்பிச்ச?'ன்னு கேட்டாங்க சார்."

திரும்பும் ரயிலில் ஒரே ஒரு ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அவள் முன்னேற்றத்துக்கு நான் குறுக்கே நிற்காத முதல் சந்தர்ப்பம் அது.