பதினேழு மார்க்குக்கு வந்த இரண்டு அப்பாக்கள்

ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பா என்பதுதான் உலக வழக்கம். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில் எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இருவரையும் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் தோளோடு தோள் நிற்கவைத்த பெருமை என்னையே சேரும்.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் பதினேழு வாங்கியிருந்தேன். (நூற்றுக்குத்தான். இருபதுக்கு என்று நினைத்துச் சிலர் பாராட்டிவிடுகிறார்கள்.) "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பு" என்றார், புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஹெட்மிஸ்ட்ரஸ்.

அப்பா நைனார்பாளையத்தில் விவசாயி. பிள்ளை வளர்ப்பில் அவருடைய ஒரே கொள்கை புளிய விளார். நான் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கியிருந்ததால் கொள்கை லீவு நாட்களில் மட்டும் அமலாகும். நல்ல வேளையாக அது இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரமாகப் பஸ் இல்லை. அப்பாவால் வர முடியாது. வெட்டிப் போட்டவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அவருக்கு நேரமும் இருக்காது.

என் தோழி நூர்ஜகானின் அத்தா கள்ளக்குறிச்சியிலேயே பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் மகளை ஒரு நாளும் அடித்ததில்லை. அவள் கணக்கில் தொண்ணூற்றெட்டு. எனவே மார்க் என்பது வளர்ப்பைப் பொறுத்தது, என்னைப் பொறுத்தது அல்ல என்று நான் ஆராய்ந்து முடித்திருந்தேன். (பிற்காலத்தில் என் மகளின் பள்ளியில் ஓர் அம்மா, எந்த நாட்டில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள், எங்கே மார்க் ஜாஸ்தி என்று படம் போட்டு விளக்கினார். நான் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டேன். தெரிந்த பாடம்தானே.)

அத்தாவிடம் போய், ஒரே ஒரு நாள் என் அப்பாவாக வரவேண்டும் என்றேன்.

"பொய் சொல்லமாட்டேம்மா. வந்து நிக்கிறேன், அவ்ளோதான்" என்றார்.

வந்து நின்றார், தாடியும் தொப்பியுமாக. நன்றாகப் படிக்கிற பெண்ணின் அப்பாவை எந்தப் பள்ளியிலும் கூப்பிடமாட்டார்கள் என்பதால் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அவரைத் தெரியாது. பதிவேட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"தனலட்சுமி, அப்பா பேரு கோவிந்தன்னு போட்டிருக்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கம் ஒரு குரல். "நான்தாங்க கோவிந்தன்."

அப்பாவேதான். வேட்டி முழுக்கச் சேறு, தலையில் இலை. ஊருக்கு நடந்து போன ஒருவரிடம் ஹெட்மிஸ்ட்ரஸ் சீட்டு கொடுத்தனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. அப்பா சைக்கிளில் கிளம்பியிருக்கிறார். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்கிறார். முதல் நாலு மரம் அவரே வெட்டியது.

"அப்ப இவரு யாரு?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"நானும் இதுக்கு அப்பனாத்தாங்க வந்தேன்" என்றார் அத்தா, பொய் கலக்காமல்.

அப்பா என்னைப் பார்த்தார். விளார் கையில் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

"உங்களுக்கு காலேஜ்ல சீட்டு வேணும்னு நான் ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கேன். நீ இங்க பதினேழு வாங்கிக்கினு, அப்பனையும் வாடகைக்குப் புடிச்சிக்கினு இருக்கியா?"

அவர் குரல் உடைந்தது. அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன். முதல் முறையாக அழுதேன்.

தொப்பி போட்டவர் நூர்ஜகானின் அத்தா என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ், "வூட்ல எப்படிப் படிக்க வெக்கிறீங்க?" என்று இருவரையும் கேட்டார்.

"அடிப்பேங்க" என்றார் அப்பா.

"பக்கத்துல ஒக்காருவேங்க" என்றார் அத்தா.

"எனக்கு இன்னா பாய், ஒக்கார எங்க நேரம்? கழனி கெடக்குது."

"எங்க வூட்ல வுடுங்கண்ணே. ஒரு புள்ளைக்கு ஒக்கார்ற எடத்துல ரெண்டு புள்ளைக்கு ஒக்காருறேன்."

சொர்க்கத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மூட்டை கட்டினேன். மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்த அத்தா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதட்டவில்லை. "இது எப்டிம்மா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அல்ஜீப்ரா தெரியாது. விளங்கும்வரை நான் சொல்லவேண்டும். விளங்கவில்லையென்றால் டீ வரவழைத்து மறுபடியும் கேட்பார். கடை திறக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். புளிய விளார் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை. அன்பு மூன்று மாதம் ஓடியது.

பொதுத்தேர்வில் அறுபத்தொன்று. "முன்னாடி வாங்குன அடி இப்பதான் வேலை செய்யுது" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அத்தா சிரித்ததோடு சரி.

என் கல்யாணத்தில் ஐயர், "பொண்ணோட தோப்பனார் மேடைக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார். முன்வரிசையில் அத்தா பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். அப்பா மேடைக்குப் போகும் வழியில் நின்று, "கொஞ்சம் இரு பாய், இதுக்கு நான் போறேன்" என்றார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கும் மாமியார் யாராவது கிடைத்தால், என் மருமகளுக்கு இரண்டு அப்பா என்றுதான் கதையை ஆரம்பிக்கிறார்.