டீக்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழையும் இருக்கும். பொம்மிடியில் அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி சரசுவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. ஆனாலும் கேஸ் அடுப்பின் குமிழைத் தடவியே சமைத்துவந்தாள். ஒருநாள் முந்தானையில் தீப்பிடித்தது. (நான்தான் அணைத்தேன், கையில் கிடைத்த ரசத்தை ஊற்றி. ஆறின ரசம்தான்.) மறுவாரமே மகள் கலா ஒரு கரண்ட் அடுப்பை வைத்துவிட்டு, கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"இதுலயும் முடியலன்னா அம்மா சமையக்கட்டுப் பக்கமே போக வேணாம்ப்பா."

அந்த அடுப்போ வழவழவென்று கண்ணாடி. பொத்தான்கள் எல்லாம் வெறும் படம். தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. கூட வந்த புத்தகத்தில் தமிழும் இருந்தது, எறும்பு அளவில்.

"படிங்க."

எழுத்துக் கூட்டினேன். "சாதனத்தின் செயல்முறையைத் தெரிவு செய்க."

"அப்படீன்னா?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். (சொந்த மச்சானிடமே போனில் பேசக் கூச்சப்படுகிறவன் நான்.) ஒரு பெண் எடுத்தாள். என் வீட்டம்மா சமைக்க அடுப்பை எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

"சிகப்பு லைட் எரியுதான்னு மேடத்தைப் பாக்கச் சொல்லுங்க சார்."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க."

"பரவால்ல சார், நாலாம் பக்கத்துல படம் இருக்கு. அதைப் பாக்கச் சொல்லுங்க."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகுதான் என் மூளை வேலை செய்தது. சரசுவின் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துப் பொத்தான்கள் மேல் ஒட்டினேன். ஒரு பொட்டு ஆன், இரண்டு சூடு கூட்ட, மூன்று குறைக்க. நானே அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. கண்ணைத் திறந்துகொண்டு அழுத்தினேன் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கலா தன் மாமியாரோடு வந்தாள். "உக்காருங்க சம்பந்தி, டீ நான் போடறேன்" என்று சரசு எழுந்து உள்ளே போனாள். பாலை வைத்தாள். விரல் பொட்டைத் தேடியது. தொட்டாலே வேலை செய்கிற அடுப்புக்குத் தேடுகிற விரலும் அழுத்துகிற விரலும் ஒன்றுதானே? கீ, கீ, கீ என்று கத்தியது. எரிந்தது, அணைந்தது, உச்சச் சூட்டுக்கு ஏறியது.

"ஏங்க, எந்தப் பொட்டுங்க?"

"மூணு! மூணு!"

மூன்றைத் தேடும் வழியில் இரண்டு பட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். சரசு விடவில்லை. மிச்சக் கொதிபாலிலேயே தூளைப் போட்டு, வடிகட்டிக் கொண்டுவந்து நீட்டினாள். பாலில் ஊறிக் கழன்ற பொட்டு ஒன்று அவள் விரலில் ஒட்டி, டம்ளருக்குள் போயிருந்தது.

சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். "சம்பந்தி, டீக்கே பொட்டு வச்சு அனுப்பியிருக்கீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சரசுவும்தான். கலா மட்டும் சிரிக்காமல் அடுப்பைத் துடைத்தாள். "போதும்மா" என்றாள், மெதுவாக.

அன்றிலிருந்து சமையல் என்னுடையது. சம்பந்தியம்மா வந்தால் இன்றைக்கும் கேட்பார், "பொட்டு வச்ச டீயா, வெறும் டீயாண்ணா?" சரசு கூடத்திலிருந்தே பதில் சொல்வாள், "அவரு போட்டதுல பொட்டு இருந்தாத்தான் கொஞ்சமாச்சும் ருசி." சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள்.

இன்று காலை, "ஆடி நோம்பிக்குப் பாயசம் யாருங்க வெக்கறது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அதன் பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன்.

ஆடி பதினெட்டு.