சனி கிரகத்தில் ஞாயிற்றுக்கிழமை

எந்திர மனிதனின் ஒற்றைக் கண் சிவந்து, கொதித்து, வெடிக்கப்போன நேரத்தில் கரண்ட் போனது.

மின்விசிறி மெதுவாக நின்றது. மருதாசலம் நாற்காலியை விட்டு அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் மருமகன் கௌசிக்கும் அசையவில்லை.

“அடடா,” என்றார் மருதாசலம். “நல்ல கட்டத்துல போயிருச்சுங்களே மாப்ள.”

“ஆமாங்க மாமா.”

“உங்களுக்கு ஏமாத்தமாப் போச்சு.”

“எனக்கென்னங்க மாமா. உங்களுக்குத்தான்.”

சமையலறையிலிருந்து மாமியார் வசந்தாமணியின் குரல் வந்தது.

“ஒத்தக்கண்ணன் செத்துட்டானுங்களா?”

“இன்னும் இல்லீங்க அத்தை. கரண்ட் போயிருச்சு.”

கரண்டி ‘டங்’கென்று விழும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்ப சோறு போட்டுர்றேனுங்க,” என்றார்.

கௌசிக் ரிமோட்டைக் கீழே வைத்தான். ஒற்றைக் கண்ணன் இன்றைக்கே செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி அடுத்த வாரமும் இதே சனி கிரகத்துப் படம்தான்.

கௌசிக்கின் மனைவி தனப்பிரியா போன தை மாதம் இறந்தாள். குழந்தை இல்லை. நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் கௌசிக், அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாமகிரிப்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தான். எதற்கு வருகிறான் என்று அவனுக்குத் தெரியாது. வந்து உட்காருவான். மாமனார் எதிரில் உட்காருவார். டிவியில் மரவள்ளிக் கிழங்கு விலை சொல்வார்கள். இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவன் அம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை.

“பொண்ணே இல்லாத ஊட்டுல மாப்பிள்ளைக்கு என்ன சாமி சோலி?” என்று போனில் கேட்டார்.

ஒரு பதில் வேண்டும் என்று யோசித்தபோதுதான் அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தன. “எங்க ஊட்டுல ஞாயித்துக்கிழமைன்னா இதுதான்,” என்று தனப்பிரியா சொல்வாள். வெள்ளைக்காரர்கள் ராக்கெட்டில் போய் எந்திரங்களோடு சண்டை போடும் பழைய படங்கள். தமிழில் பேசுவார்கள். வாய் மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டிருக்கும்.

மருதாசலம் ரிக் லாரி ஓட்டி ஊர் ஊராக போர்வெல் போட்ட மனுஷன். ராக்கெட்டும் எந்திரமும் மாமாவுக்குத்தான் பிடித்திருக்கும் என்று கௌசிக் முடிவு செய்தான். அவளுக்கு மிகவும் பிடித்த ‘சனி கிரகத்துச் சண்டமாருதம்’ படத்தைத் தேடிப்பிடித்து, பென் டிரைவில் போட்டு எடுத்துவந்தான். மாமனார் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். அன்றிலிருந்து அம்மாவிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

“மாமாவோட படம் பாக்கப் போறேன்மா.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரே சிக்கல், படங்களை கௌசிக்கால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் நாமக்கல் தியேட்டரில் இதே படத்தின் பனிப் பூதத்தைக் கண்டு சீட்டுக்கு அடியில் ஒளிந்தவன்தான். இப்போது பார்த்தால் பூதத்தின் முதுகில் ஜிப் தெரிந்தது. அந்த ஜிப்பை முதலில் காட்டியது தனப்பிரியா.

“உள்ள ஒரு ஆளு வேத்துப்போய் நிக்கறான் பாருங்க. பாவம்,” என்பாள். ஜிப் தெரிவதால்தான் அவளுக்கு அந்தப் படம் பிடிக்கும். அவன் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவான்.

இப்போது தூங்கவும் முடியாது. மாமனார் பக்கத்தில் இருக்கிறார்.

படம் இப்படித் தொடங்கும்: வருடம் 2010. பூமியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. “அதொண்ணு மட்டும் சரியாச் சொல்லிப்போட்டான்,” என்பார் மருதாசலம். பிறகு சார்ஜென்ட் ஒருவர் சனி கிரகத்தில் இறங்கி நடப்பார். சனி கிரகத்தில் நிற்பதற்குத் தரையே கிடையாது. கௌசிக் அதை வருடா வருடம் பாடம் எடுக்கிறான். இங்கே சொல்லவில்லை. ஒற்றைக் கண் எந்திரம் தன் கையிலிருக்கும் துளைப்பானால் மலையைக் குடையும். அந்தத் துளைப்பானின் பிட் பாறையில் பத்தடிகூட இறங்காது என்று மருதாசலத்துக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை. பெருமூச்சு மட்டும் விடுவார். ரசித்து விடும் பெருமூச்சு என்று கௌசிக் எடுத்துக்கொண்டான்.

வசந்தாமணி அந்த அறைக்குள் வரமாட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தில் மாமியார் உட்காருவது அந்த வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமான புதிதில் “உக்காருங்க அத்தை” என்று இரண்டொரு முறை சொல்லிப் பார்த்து அவனும் விட்டுவிட்டான். படம் ஓடும்போது சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும்.

“ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சனிங்கற பேரச் சொல்லாதீங்க. படத்த மட்டும் போடுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “சத்தத்தக் கூட வைங்க மாப்ள. உங்க மாமாவுக்குக் காது சரியாக் கேக்காது.”

“எனக்கு நல்லாத்தானே கேக்குது,” என்று மருதாசலம் தனக்குள் முனகுவார்.

கௌசிக் சத்தத்தைக் கூட்டுவான். மாட்டுக் கொட்டகையில் எருமை கத்தும். அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது. வயசாகிவிட்டது, தனியாகச் சமைப்பது சிரமம்போல என்று அவனுக்குப் பாவமாக இருக்கும்.

கரண்ட் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மூலையில் புது இன்வெர்ட்டர் நின்றது.

“இனிமே பாதியில நிக்காதுங்க மாப்ள,” என்றார் மருதாசலம்.

இவ்வளவு ஆசையா என்று கௌசிக் பயந்துபோனான். சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது. அதை எடுக்கப் போன கையை வெறுமையாக வெளியே எடுத்தான்.

“பென் டிரைவ் கெட்டுப்போச்சுங்க மாமா. எல்லாம் அழிஞ்சிருச்சு.”

பொய்தான். ஒற்றைக் கண்ணனைத் திரும்ப முதலிலிருந்து பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை. மாமனாரின் முகம் ஒரு நொடி மலர்ந்த மாதிரி இருந்தது. அதற்குள், மாப்பிள்ளை மனசு வாடக் கூடாது என்று நினைத்தவர்போல எழுந்தார்.

“அதுக்கென்னங்க. பரண் மேல அதே படம் கேசட்டா கெடக்குது. பழைய வீடியோ டெக்கும் இருக்குது.”

டெக் ஓடவில்லை. உள்ளே பெல்ட் அறுந்திருந்தது. கௌசிக் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டான்.

“இந்தப் பெல்ட்டெல்லாம் இப்ப எங்கீங்க மாமா கெடைக்கும்.”

“சேலத்துல கெடைக்காமப் போயிருமுங்களா? உங்களுக்கோசரம் தேடிப் பாக்கறனுங்க.”

“நீங்க எதுக்குங்க அலையறீங்க? நானும் வாரேன்.”

இரண்டு பேரும் டெக்கைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மூட்டைகளுக்கும் லோடு ஆட்டோக்களுக்கும் நடுவே புகுந்து, விசாரித்து, கடைசியில் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடையைக் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர் டெக்கைத் தட்டிப் பார்த்தார்.

“இதுக்கெல்லாம் இன்னும் ஆளு இருக்கீங்களா?”

“மாப்ளைக்கு உசுருங்க,” என்றார் மருதாசலம்.

“மாமாவுக்குங்க,” என்றான் கௌசிக்.

“யாருக்கோ ஒருத்தருக்கு. பெல்ட்டு இருக்குது. ஒண்ணே ஒண்ணு.”

மருதாசலத்தின் தோள் தொங்கியது. பஸ்ஸில் நின்று வந்த களைப்பு என்று கௌசிக் நினைத்தான். கடைக்காரர் பெல்ட்டை மாட்டிக் கொடுத்ததோடு விடவில்லை. இடத்தை அடைக்கிறது என்று ஒரு சாக்கு நிறைய கேசட்டுகளைத் தூக்கித் தலையில் கட்டினார். எல்லாம் அதே வகைப் படங்கள்.

“நாலஞ்சு வருசத்துக்குத் தாங்கும் பாருங்க,” என்றார்.

சாக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு டெக் ஓடியது. பக்கத்துத் தோட்டத்து சாரதாமணி, உறைமோர் வாங்க வந்தவர், வழக்கம்போலச் சமையலறையில் வசந்தாமணியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். படத்தில் தண்ணீர் தீர்ந்தது. சார்ஜென்ட், இல்லாத தரையில் நடந்தார். பனிப் பூதம் ஜிப்போடு வந்துபோனது. ஒற்றைக் கண் சிவந்தது. கொதித்தது.

திரை சிலிர்த்தது. நாதஸ்வரம் கேட்டது.

குலதெய்வக் கோயில். கூட்டம். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு பெண் குழந்தை. ஆசாரி காது குத்த ஊசியோடு குனிந்தார். குழந்தை அழவில்லை. ஆசாரியின் கையைத் தள்ளிவிட்டு, “உனக்கு மொதல்ல குத்திக்க,” என்றது.

கூட்டம் சிரித்தது.

கௌசிக் சிரிக்கவில்லை. குரல் வேறு. சொல்லும் விதம் தனப்பிரியாவுடையதேதான்.

வசந்தாமணி நிலைப்படிக்கு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். உள்ளே போனார்.

குழந்தை மாமனின் விரலைக் கடித்தது. ஒருவர் கேமராவைக் கையால் மறைத்தார். புள்ளி புள்ளியாக வந்தது. டெக் தானாக நின்றது.

“பாப்பாவோட இந்தக் காதுகுத்துக் கேசட்டு தொலைஞ்சு போச்சுன்னு தேடாத எடமில்லீங்க,” என்றார் மருதாசலம். மூக்கை உறிஞ்சினார். “படத்து மேல எடுத்துப்போட்டானா.”

“யாருங்க மாமா?”

அவர் வேட்டி நுனியைத் திருகினார்.

“வீடியோக்காரன் புதுக் கேசட்டு கொண்டாரல. கையில கெடச்சத எடுத்துக் குடுத்துட்டனுங்க. எந்தப் படம் போனா என்னன்னு. எனக்குத்தான் இதுக ஒண்ணும் ஆவாதுங்களே.”

“ஆவாதுன்னா?”

“தலைவலிங்க. ஒரு நாளும் முழுசாப் பாத்ததில்ல. நீங்க கொண்டாந்து போட்டீங்க. மாப்ள ஆசையாக் கொண்டாந்ததை வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?”

கௌசிக் அவரையே பார்த்தான்.

“நான் உங்களுக்காகத்தானுங்க மாமா கொண்டுவந்தேன்.”

“எனக்காவுங்களா?”

“எனக்கும் தலைவலிதானுங்க.”

“அப்ப உங்களுக்குன்னு வாங்கின அந்த இன்வெர்ட்டரு?”

“நீங்க வாங்கினதும் பயந்துட்டேன். பென் டிரைவ் கெடவே இல்லீங்க. பையிலதான் இருக்குது.”

மருதாசலம் மூலையிலிருந்த சாக்கைப் பார்த்தார். கௌசிக்கும் பார்த்தான். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. அப்புறம் அவன் சிரித்தான். தை மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நீர் வந்த பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

அறை அமைதியானது. மரவள்ளிக் கிழங்கு விலை கேட்டுக்கொண்டிருந்த காலத்து அமைதி.

படம் இல்லையென்றால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கௌசிக் யோசித்தான்.

“அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை,” என்று தொடங்கினார் மருதாசலம். “உங்களுக்கும் சோலி இருக்குமுங்க. எங்களுக்காவ வந்து சிரமப்பட வேண்டாமுங்க.”

வாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். வந்துவிடுவான். மாப்பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது மரியாதை இல்லை என்று நினைத்து அவர் சொல்லவில்லை.

வருகிறேன் என்று அவன் சொன்னால் போதும். அழைக்காமல் வருவது அழகில்லை என்று நினைத்து அவனும் சொல்லவில்லை.

“ஸ்பெஷல் கிளாஸ் வெக்கச் சொல்றாங்க மாமா,” என்றான்.

“அதைப் பாருங்க. அதுதானுங்க முக்கியம்.”

கௌசிக் எழுந்து டிவிக்குப் பின்னால் குனிந்தான். மஞ்சள் ஒயரைக் கழற்றினான். சிவப்பைக் கழற்றினான். மருதாசலம் டெக்கின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

சமையலறையில் ஏதோ கிசுகிசுப்பு. “நீ சும்மா இரு சாரதா,” என்று வசந்தாமணியின் குரல் அடக்கியது. சாரதாமணி சும்மா இருக்கவில்லை. மோர்க் கிண்ணத்தோடு வந்து நிலைப்படியில் நின்றார்.

“அந்த ஒயரப் புடுங்காதீங்க மாப்ள,” என்றார். “இந்த ஊட்டுல இந்தப் படத்துக்குப் பைத்தியமே அக்காளும் பாப்பாவுந்தானுங்க. உங்க முன்னால உக்காரக் கூடாதுன்னு இத்தன வாரமும் அக்கா செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு காதுலயே படம் பாத்துட்டிருக்குது.”