நாற்பதாவது கரிக்கோடு

குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதுதான் சம்பங்கிக்குப் பிரச்சினை.

"இத யாரு மொண்டாந்தது?" என்று மனைவி தங்கம்மாவைக் கேட்டான்.

"வேலு அண்ணன்தான். உங்க அத்தை மத்தியான ரயிலுக்கு வராங்க. வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. நாயித்துக்கெழம நீயும் கயித்தத் தொட மாட்ட, என்னயும் தொட வுட மாட்ட. நான் இன்னா பண்றது?"

சம்பங்கி சுவரைப் பார்த்தான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் கூலி லைனில் இருந்த அந்த வீட்டு மண்சுவரில் முப்பத்தொன்பது கரிக்கோடுகள் இருந்தன. பத்துக் கட்டளைகளில் ஒன்றைக்கூட மீறாமல் நாற்பது நாள் இருந்தால்தான் ஞானஸ்நானத்துக்குத் தகுதி என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை.

இன்று நாற்பதாவது நாள். சாயங்காலம் ஞானஸ்நானம். இதை விட்டால் பாதிரியாரான மிஷன் ஐயர் இனி மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். அதுவரை உயிரோடு இருப்போமா என்பதுதான் சம்பங்கியின் கவலை. போன மாதம் சுரங்கத்தில் அவன் பக்கத்தில் நின்றவன் மேல் பாறை விழுந்தது. அன்று முதல், கீழே இறங்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டின் கதவைச் சாத்தும்போதெல்லாம் அவன் சுவரிலிருந்த கோடுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டான். ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போகக் கூடாது.

"ஓய்வுநாள்ல வாசலுக்குள்ள வர அன்னியன்கூட வேல செய்யக் கூடாதுன்னு கட்டளையிலயே கீது. அந்தப் பாவம் என் தலையிலதான் வுழும். தண்ணியத் திருப்பிக் கெணத்துல ஊத்தச் சொல்லு."

"ஊத்தறது மட்டும் வேல இல்லியா?"

உபதேசியார் டேவிட் எடுத்த ஞானஸ்நான வகுப்பில் இது வரவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டு வேலு இரண்டாவது குடத்தோடு வந்துவிட்டான்.

"வேணாம் வேலு. எடுத்துக்கினு போயிடு."

"இன்னாத்துக்கு? இம்மாம் நேரம் வெயில்ல நின்னு மொண்டாந்துகீறேன்." வேலுவின் முகம் சுண்டிப்போயிற்று. "வேதத்துல சேரப் போறவனுக்கு என் கை பட்ட தண்ணி ஆவாதோ?"

பிறனை நேசிக்க வேண்டிய நாளில் பிறன் கண்கலங்கி நிற்கிறான்! சம்பங்கிக்குப் பதறிவிட்டது. "ஐயய்யோ, அதில்ல வேலு. தண்ணில... செத்த எலி கெடந்துச்சு."

பொய் அதுவாகவே வாயில் வந்துவிட்டது. பெங்களூரில் பிளேக் பரவிக்கொண்டிருந்த வருஷம் அது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வேலு குடத்தைப் போட்டுவிட்டு, "கெணத்துல எலி! கெணத்துல எலி!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

அரை மணி நேரத்தில் லைனே கிணற்றடியில் திரண்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்கள் கயிறும் வாளியுமாகக் கிணற்றை இறைத்தார்கள். ஆராதனைக்குக் கிளம்பிய கிறிஸ்தவர்களும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே இறைத்தார்கள். ஒரு குடம் தண்ணீரைத் தடுக்கப் போய், ஓய்வுநாளில் ஊரையே வேலை வாங்கிவிட்டான் சம்பங்கி.

"நிறுத்துங்க! எலி இல்ல!" என்று ஓடினான்.

"நீதான பாத்தன்னு சொன்ன?" என்றான் வேலு.

"பாக்கல. பொய் சொன்னேன்."

எல்லோரும் கயிற்றை விட்டார்கள். கடைசியாக வந்த வாளியை வேலு எடுத்து, அதிலிருந்த சேற்றைச் சம்பங்கியின் தலையில் கவிழ்த்தான்.

சம்பங்கி வீட்டுக்கு வந்தான். ஈரக் கையாலேயே முப்பத்தொன்பது கோடுகளையும் அழித்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் உபதேசியார் டேவிட் அவனைத் தேடி வந்தார். "இன்னாப்பா இது கோலம்? குளிச்சிட்டு வா, ஐயர் வந்துட்டார்."

"நான் வரலீங்க. தகுதி போச்சு. ஓய்வுநாளும் போச்சு, பொய்யும் சொல்லிட்டேன், வேலுவ மனசுக்குள்ள திட்டவும் செஞ்சிட்டேன். நாளைக்கு மறுபடியும் மொதக் கோட்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எந்தக் கோடு?"

சம்பங்கி சொன்னான். டேவிட் சுவரில் மிச்சமிருந்த கரிக்கறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாப்பது நாளா? இருபது வருசமா உபதேசியாரா இருக்கேன், என்னால நாலு நாள் தாண்ட முடியல. ஆண்டவர் கிருபைய சும்மா குடுக்கறார். கைய நீட்டி வாங்கிக்க."

"சும்மாவா? வேல செய்யாதவனுக்குக் கூலி குடுக்கற கம்பெனி எங்கனா கீதாங்க?"

டேவிட் பதில் சொல்ல வாயெடுத்தபோது, தலையில் மூட்டையோடு அத்தை பாக்கியவதி உள்ளே நுழைந்தாள். மருமகன் மேல் இருந்த சேற்றைப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டாள். தங்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை மூட்டையை இறக்கி வைத்தாள்.

"இவனுக்கு எதுக்குங்க இன்னொரு வாட்டி?" என்றாள் உபதேசியாரிடம். "இவன் பொறந்த தாது வருசப் பஞ்சத்துல, பத்து நாள் கொழந்தை சாவக் கெடக்குதேன்னு கஞ்சித் தொட்டியாண்டயே ஒரு மிஷன் ஐயரு ஞானஸ்நானம்னு தண்ணி தெளிச்சு, ஏனோக்குன்னு பேரும் வெச்சிட்டாரு, இவங்கப்பன் அடிப்பான்னு நாங்கதான் வெளிய சொல்லல. அதுக்கு இவன் செஞ்ச ஒரே வேல, அவரு அங்கி மேல ஒண்ணுக்குப் போனதுதான்!"