ரெண்டு நிமிஷ காக்கா போட்ட லண்டன் டைம் டேபிள்

கல்முனை பஸ் நிலையத்து ரெண்டு நிமிஷ காக்காவை விட நேரத்தை மதித்த மனிதர் இந்தத் துனியாவில் இன்னும் பிறக்கவில்லை. அப்படி ஒருவர் பிறந்திருந்தால், ஏன் பிந்தினாய் என்று கேட்டு காக்கா அவரைச் சிவப்பு மையால் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்.

உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். அது யாருக்கும் தெரியாது, தேவைப்படவும் இல்லை; மூத்தவரைக் காக்கா என்பது எங்களூர் வழக்கம். பஸ்கள் புறப்படும் நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் எழுதி, விசில் ஊதி வழியனுப்பும் டைம்கீப்பர் உத்தியோகம் அவருக்கு. வீட்டுக்குப் போன பிறகும் அந்த உத்தியோகத்தை அவர் கழற்றி வைத்ததில்லை. தன் கலியாணத்தன்று ஊர்வலம் ஏழு நிமிஷம் பிந்திவிட்டது என்று, மாப்பிள்ளையான அவரே ஊர்வலத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பெண் வீட்டுப் படலையைத் தட்டியவர். மனைவி தன் உம்மா வீட்டுக்குப் போய் வந்தால், "புறப்பாடு 3.20, வருகை 5.45, தாமதத்துக்குக் காரணம்: கதை" என்று கலண்டரில் எழுதி வைப்பார். வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் நீண்டுவிட்டால் முன் வரிசையில் இருந்தபடி கைமணிக்கூட்டைப் பார்ப்பார். மௌலவிக்கு வசனம் தடுமாறிவிடும்.

பட்டப்பெயர் வந்த கதை இது. பஸ் நிலையத்துச் சுவர் மணிக்கூட்டை அவர் லண்டன் வானொலியை வைத்துத்தான் திருத்துவார். பின்னேரங்களில் வானொலியில் அந்த ஊர்ப் பெரிய மணிக்கூடு டாங் டாங்கென்று அடிக்கும். அடித்ததும் கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டைச் சரிசெய்வார். மறுநாள் அதைப் பார்த்துச் சுவர் மணிக்கூட்டைச் சரிசெய்வார். ஆனால் அடித்த நேரத்தை அப்படியே வைக்க மாட்டார். இரண்டு நிமிஷம் கூட்டி வைப்பார்.

"லண்டன் எங்க இரிக்கி, கல்முனை எங்க இரிக்கி? சத்தம் கடலெல்லாம் தாண்டி வரவேணாமா? ரெண்டு நிமிஷமாவது போகாதா?" என்பது அவருடைய வாதம். அது எப்படிச் சரியாக இரண்டு என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களுக்கு விளக்கம் முடிவதற்குள் பஸ் போய்விடும்.

இந்த இரண்டு நிமிஷத்தால் மிகவும் நொந்தவர், அம்பாறைக்குப் போகும் ஆறு நாற்பது பஸ்ஸின் டிரைவர். காரைதீவுக்காரர், எல்லாருக்கும் அண்ணன். நான் அப்போது அம்பாறையில் ஒரு கந்தோரில் கிளார்க். எழுபதுகள் முடியப்போகிற காலம். அண்ணன் தினமும் பஸ் நிலையத்துக் கடையில் பிளேன்டீ வாங்குவார். பாதிக் கோப்பையில் விசில் ஊதிவிடும். மீதியை வைத்துவிட்டு ஓடுவார். மூன்று வருஷமாக அவர் ஒரு முழுக் கோப்பை தேத்தண்ணி குடித்ததில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், ரேடியோச் சத்தம் என்ன மாட்டு வண்டியிலா வருகிறது என்று காக்காவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை விசிலாலும் ஹோர்னாலும் மட்டுமே நடந்தது.

இந்த நிலைமையில்தான் எனக்கு லண்டன் விழுந்தது. மூத்த மகள் குடித்த பால்மா டின்களின் மூடிகளை என் மனைவி சேர்த்துக் குலுக்கல் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். சவர்க்காரப் பெட்டியாவது கிடைக்கும் என்று நினைத்தோம். ஒருவருக்கு விமானச் சீட்டும் லண்டனில் மூன்று நாள் தங்குமிடமும் கிடைத்தன. கைக்குழந்தையை விட்டு அவள் வர முடியாது. நான்தான் போக வேண்டும். கடிதத்தைக் காட்டியபோது காக்கா அதை மூன்று முறை வாசித்தார். பிறகு, பரிசு அவருக்கே விழுந்தது போல முகமெல்லாம் மலர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு நாள் எண்டா நாலாயிரத்து முந்நூத்திச் சொச்சம் நிமிஷம். அதுல ஒண்டையும் வீணாக்கப்படாது தம்பி. நான் டைம் டேபிள் போட்டுத் தாறன்."

கொழும்புக்கு அப்பால் எதையும் பார்க்காத மனிதர் லண்டனுக்கு டைம் டேபிள் போட இறங்கினார். விவரத்துக்கு அவர் நூலகத்துக்குப் போகவில்லை. அலையில் விளையாட அறுகம்பைக்குப் போகும் வெள்ளைக்காரப் பொடியன்கள் எங்கள் பஸ் நிலையத்தில்தான் பொத்துவில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பார்கள். காக்கா ஒவ்வொருவராகப் பிடித்து, எந்த ஊர் என்று விசாரித்தார். ஜெர்மன்காரனை அனுப்பிவிட்டார். ஒரு லண்டன்காரன் அகப்பட்டான். மணிக்கூட்டிலிருந்து அரசி வீட்டுக்கு நடையில் எத்தனை நிமிஷம், வழியில் கக்கூஸ் உண்டா, மழை எத்தனை மணிக்கு வரும் என்று காக்கா தனக்குத் தெரிந்த இருபது ஆங்கிலச் சொற்களையும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார். அவனும் சளைக்காமல் பஸ் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினான். அந்தச் சுவாரசியத்தில் பொத்துவில் பஸ் நாலு நிமிஷம் பிந்திப் புறப்பட்டது. காக்காவின் சரித்திரத்தில் அது முதல் தடவை. அன்று தன்னைத்தானே சிவப்பு மையால் எழுதிக்கொண்டார்.

ஒரு கிழமையில் டைம் டேபிள் தயாரானது. பஸ் பதிவுத் தாளில், புறப்பாடு, சேருமிடம், தரிப்பு என்று கோடு போட்ட மூன்று பக்கங்கள். அரசி மாளிகை, தரிப்பு பன்னிரண்டு நிமிஷம்; அரசி வெளியே வந்தால் மேலதிகமாக மூன்று நிமிஷம். நூதனசாலை நாற்பது நிமிஷம், அதில் செத்த ராசாக்களுக்குப் பத்து. திறந்து மூடுகிற பாலம், ஒருமுறை திறந்து ஒருமுறை மூடும் வரை. நேரங்களை எங்கள் ஊர் வழக்கப்படி தொழுகை வக்துகளால் குறித்திருந்தார்: விடிய சுபஹ் தொழுது புறப்பாடு, நடுப்பகல் ளுஹருக்கு முன் மாளிகை, பின்னேரம் அஸர் தொழுது மணிக்கூட்டடி, அதன் பின் சூரியன் மறையும் மஃரிப் வரை ஆற்றங்கரையில் நடை, மஃரிபுக்கு அறை.

தாளோடு விட்டாரா? ஒத்திகை பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிலையம்தான் ஹோட்டல், மீன் சந்தை நூதனசாலை, பாண்டிருப்புச் சந்தி அரசி மாளிகை. இரவல் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நான் நடுப்பகல் வெயிலில் நடந்தேன். காக்கா சைக்கிளில் பின்னால் வந்து, ஒவ்வொரு தரிப்பிலும் விசில் ஊதினார். சூரைமீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அரசி எழும்பிவிட்டாவா என்று மரியாதையாக விசாரித்தார். இரண்டு சுற்று முடிந்தபோது கோட்டைப் பிழியலாம் போலிருந்தது. எனக்கோ வெட்கத்தையும் மீறி உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஒத்திகை இவ்வளவு சந்தோஷமென்றால் லண்டன் எப்படி இருக்கும்!

பயணத்துக்கு முந்தின நாள்தான் காக்காவின் மனதில் இருந்த விஷயம் வெளியே வந்தது. அண்ணனும் நானும் பஸ் ஏற நின்ற இடத்துக்கு காக்கா வந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு செய்யும் நேரம் தவிரக் கழற்றாத கைமணிக்கூட்டைக் கழற்றினார். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"இத லண்டனுக்கு அனுப்புறன். அந்தப் பெரிய மணிக்கூட்டுக்குக் கீழ வெச்சிப் பாக்கட்டும். அங்க ஆறு அடிக்கக்குள்ள இஞ்ச ராப் பத்தரை. அப்ப இதுல நிமிஷக் கம்பி சரியா அரையில நிண்டா நீங்க வாய மூடணும். ரெண்டு நிமிஷம் பிசகினா, நான் இந்த விசில உங்கட கையில தந்திட்டுப் போறன்."

அண்ணன் சம்மதித்தார். வானொலிச் சத்தம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். காக்கா தோற்கப் போகிறார், அந்தச் செய்தியை நான்தான் சுமந்து வர வேண்டும். விசில் இல்லாத காக்காவை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் எனக்கு இட்ட கட்டளைகள் இரண்டு. கம்பியை ஒருபோதும் அசைக்கக் கூடாது. தினமும் மஃரிப் தொழுததும் சாவி கொடுக்க வேண்டும். அது பழைய மணிக்கூடு, ஒரு சாவிக்கு ஒரு நாளும் இரண்டு மூன்று மணித்தியாலமும்தான் ஓடும். அவர் இருபது வருஷமாக மஃரிபுக்குத்தான் சாவி கொடுக்கிறார், ஒருநாளும் நின்றதில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மஃரிப் தொழுதேன், சாவி கொடுத்தேன், கைலேஞ்சியில் சுற்றி உள்பையில் வைத்தேன், பறந்தேன். மறுநாள் காலை லண்டன். ஆனி மாதம். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடினேன். மாளிகையில் அரசி வரவில்லை. பாலம் திறந்தது, நான் கைதட்டினேன், பக்கத்தில் நின்ற கிழவியும் சேர்ந்து தட்டினாள். சிவப்பு மாடி பஸ் ஒவ்வொன்றும் நேரத்துக்கு வந்தது. காக்கா பார்த்தால் அழுதிருப்பார் என்று நினைத்து எனக்குத்தான் கண் கலங்கியது. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் தனியாக அனுபவிப்பது அநியாயமாகப் பட்டது.

அஸர் தொழுது மணிக்கூட்டடிக்குப் போனேன். ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. கைலேஞ்சியை எடுத்து அவிழ்த்தேன். மணிக்கூடு ஒன்பது பத்தில் நின்றுபோயிருந்தது.

காதில் வைத்துப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். சத்தமில்லை. அப்போதுதான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஆறு மணியென்றால் பள்ளியில் மஃரிபுக்குத் தயாராகிவிடுவார்கள். இங்கே சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சம் நகர்ந்தது போல நின்றுகொண்டிருந்தது. நேற்றைய மஃரிப் கட்டுநாயக்காவில். இன்றைய மஃரிப் இன்னும் வரவேயில்லை. இரண்டுக்கும் நடுவில் சாவி தீர்ந்துவிட்டது. காக்காவும் நானும் ஊரில் உள்ள அத்தனை பேரும் மஃரிப் எங்கேயும் ஆறரைக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தோம்.

பெரிய மணிக்கூடு ஆறு அடித்தது. வானொலியில் கேட்ட அதே சத்தம், நெஞ்செலும்பில் வந்து மோதியது. என்ன செய்வதென்று தெரியாமல் சாவி கொடுத்து, கட்டளையை மீறி, கம்பியை ஆறில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி. தீர்ப்பு இல்லாமல் போனது, காக்கா தப்பினார். பிறகு தாளில் எழுதியிருந்தபடி மஃரிப் வரை ஆற்றங்கரையில் நடந்தேன். மஃரிப் ஒன்பது இருபதுக்கு வந்தது. கால் வீங்கிவிட்டது.

திரும்பி வந்த மறுநாள் காலை பஸ் நிலையத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். அண்ணன் பிளேன்டீயோடு நின்றார். நான் காக்காவைத் தனியாகக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். முகம் செத்துப்போகும் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப மஃரிப் எத்தனைக்குடா வந்திச்சி?"

ஒன்பது இருபதுக்கு என்றேன். அவர் பெஞ்சில் இருந்துவிட்டார். ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம், மூன்று நாளைக்கு ஒன்பது மணித்தியாலம் வெளிச்சம் கூடக் கிடைத்ததா என்று விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். தெரிந்திருந்தால் அரசி மாளிகைக்கு இன்னொரு தரிப்புப் போட்டிருக்கலாமே என்று தலையில் கைவைத்தார். அவர் கண் குழந்தையின் கண் போல மின்னியது. பந்தயம் ஞாபகத்திலேயே இல்லை.

அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. கிட்டே வந்தார். காக்கா எழுந்து நின்று, மணிக்கூடு நின்றுவிட்டது, பிழை சாவி கொடுத்தவனுடையது அல்ல, டைம் டேபிள் போட்ட தன்னுடையது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணன் கைமணிக்கூட்டை வாங்கிப் பார்த்தார். அது லண்டன் ஆறு மணிக்கு வைத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். கைமணிக்கூட்டில் இரண்டு எட்டு. அப்படியென்றால் கல்முனையில் ஆறு முப்பத்தெட்டு. சுவரில் ஆறு நாற்பது.

நான் தீர்ப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு தீர்ப்பைப் பையில் வைத்தே கொண்டுவந்திருக்கிறேன். அண்ணன் கைமணிக்கூட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கணக்கைப் போட்டார். பிறகு காக்காவின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

"பிசகில்லாமத்தான் கிடக்கு காக்கா. ஊதுங்க," என்று சொல்லிவிட்டு, பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

காக்கா ஊதினார். ஆனால் கைமணிக்கூட்டை வாங்கும்போது அவரும் பார்த்துவிட்டார் என்பதை நான் கண்டேன். அன்று பின்னேரம் நான் அம்பாறையிலிருந்து வந்து இறங்கியபோது, காக்கா பெஞ்சில் ஏறி நின்று, சுவர் மணிக்கூட்டின் கம்பியை இரண்டு நிமிஷம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அண்ணன் கோப்பையின் அடி வரை குடித்து முடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் விசில் ஊதியது. அண்ணன் திரும்பிக் காக்காவைப் பார்த்தார். அதன் பிறகு அவர் காக்காவோடு ஹோர்னால் பேசியதில்லை. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

கைமணிக்கூட்டை காக்கா கடைசி வரை ஊர் நேரத்துக்குத் திருப்பவில்லை. யாராவது மணி கேட்டால் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையைப் பார்த்து, "அங்க இப்பதான் சுபஹ்" என்று தனக்குள் சிரித்துக்கொள்வார். எனக்குத் திருத்திய டைம் டேபிள் ஒன்றும் தந்தார், மஃரிப் 9.20 என்று அடிக்கோடிட்டு, அடுத்த முறை போகும்போது உதவும் என்று. அடுத்த முறை எனக்கு வாய்க்கவில்லை. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

பிறகு வேறு பல ஊர்களுக்குப் போயிருக்கிறேன். எங்கே இறங்கினாலும் நான் முதலில் விசாரிப்பது அங்கே மஃரிப் எத்தனை மணிக்கு என்பதைத்தான். ஊருக்கு வந்து சொல்லத்தான் காக்கா இல்லை.