அத்தை திறந்து வைத்த டிஷ்

எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் கல்யாணம் செய்துகொண்டால் ஒரு தொல்லை உண்டு. மாமனார் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தது உண்மை. பாஸானது எப்படி என்பது எனக்கும் கல்லூரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதன்பிறகு நான் பார்த்த வேலையெல்லாம், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு அதை மாற்றிக் கொடுப்பதுதான். இதை வெளியே சொல்லாமல், மாப்பிள்ளை மரியாதை குறையாமல் பல வருஷம் ஓட்டிவிட்டேன். சாயம் வெளுத்தது 2012 வாக்கில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில் பகுதி வாடகை வீட்டின் பின்பக்கத்தில்.

என் மாமியார் (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) விருதுநகர் பக்கம் ஒரு சிறிய நகராட்சியில் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். சுயேச்சை. குழாய் சின்னம். எந்தத் திறப்பு விழாவுக்கு எந்தப் பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டினாலும் சரி, கூட்டம் கைதட்டிக் கொண்டிருக்கும்போதே உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அத்தை மேடைக்கு வருவார். அதற்காகவே அவரைக் கூப்பிடப் பயந்த சேர்மன்கள் உண்டு.

எங்கள் மகள் நிலா கைக்குழந்தையாக இருந்தபோது அத்தை ஆறு மாத விசாவில் வந்தார். என் மனைவி கவிதா ஆஸ்பத்திரி லேபில் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். டேகேரில் இடம் கிடைக்க அத்தனை மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ரெசிடென்ஸ் விசாவோ அவள் வேலையை நம்பித்தான் நின்றது. (என் பாஸ்வேர்டு உத்தியோகத்தைக் குடிவரவுத்துறை பெரிதாக மதிக்கவில்லை.) ஆக, அத்தை இருந்தால்தான் எல்லாம்.

மூன்றாவது வாரமே அத்தைக்கு மூச்சு முட்டியது. நிலா நல்ல பிள்ளை, நாளெல்லாம் தூங்கும். வெளியே எட்டிப் பார்த்தால் தெருவில் ஆளே இருக்காது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"இங்க தண்ணி நிக்கிறதில்ல, கரண்டு போறதில்ல, யாரும் யாரையும் திட்டுறதில்ல. எனக்கு இங்க என்ன வேலை மாப்பிள்ளை? டிக்கெட்டை மாத்திக் குடுங்க. பிள்ளையை நான் ஊர்ல வச்சு வளக்குறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா வேலையைப் பாருங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கவிதா எழுந்து போய், தூங்கிக் கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை அனுப்புவதா, வேலையை விடுவதா என்று அவள் கேட்கவே இல்லை, ஆனால் வீடு முழுக்க அந்தக் கேள்விதான் இருந்தது. அந்த நிலையில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அத்தை, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் நியூஸ் சேனல் இந்த ஹாலில் ஓடும்" என்று சொல்லிவிட்டேன்.

இன்டர்நெட்டில் காட்டியிருக்கலாமே என்பீர்கள். அன்று எங்கள் இன்டர்நெட் அளவுச் சாப்பாடு. மாதப் பாதியிலேயே தீர்ந்து, படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ஆக்லாந்தின் தெற்குக் கோடியில், பாபகூராவில் சிவநேசன் அண்ணை என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கம்பி வலையில் செய்த பெரிய டிஷ் ஒன்றைத் தோட்டத்தில் சும்மா போட்டு வைத்திருந்தார். கேட்டதும் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தே கொடுத்துவிட்டார். இறக்கும்போது மட்டும், "தம்பி, ஒண்டு சொல்லுறன், உதிலை உங்கட சனல் வராது. நான் இவ்வளவு காலமும் சீனச் சனல்தான் பார்த்தனான்" என்றார். அவருக்குத் திருப்பத் தெரியவில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஊரில் எந்தச் சாட்டிலைட்டில் அந்தச் சேனல் வருகிறது என்று பார்த்து, ஆக்லாந்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டேன். திசை மேற்கு என்று வந்தது. உயரக் கோணம் மைனஸில் வந்தது. மைனஸை நான் பொருட்படுத்தவில்லை, பரீட்சையிலும் அப்படித்தான். (அந்தச் சாட்டிலைட் இங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது, நடுவில் பூமியே குறுக்கே நிற்கிறது என்பதைத்தான் அந்த மைனஸ் சொன்னது. அதை நான் புரிந்துகொண்டபோது நிலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.) முடிந்தவரை தாழ்த்தித் திருப்பியதில் டிஷ் படுக்கைவசமாக வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு அம்மாளின் குளியலறை ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. அந்த வெள்ளைக்கார அம்மாள் மிகவும் மரியாதையாக வந்து, அது தன்னை ஒட்டுக் கேட்கும் சாதனமா என்று விசாரித்தார். இல்லை, இந்தியாவைப் பார்க்கிறது என்றேன். அவர் தன் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தேன். சிவநேசன் அண்ணையும் வந்திருந்தார். கேசரி தயார். அத்தை, கவுன்சில் கூட்டத்துக்குக் கட்டும் கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையில் நடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் திறப்பாளர். நான் ரிமோட்டைத் தட்டில் வைத்து நீட்டினேன். (ஆமாம், தட்டில்.) அத்தை அழுத்தினார். திரை நீலமாக வந்து, சிக்னல் இல்லை என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் நீலம்.

எல்லாரும் கேசரியைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் கொஞ்சமும் பதறவில்லை.

"புதுக் குழாய்னா முதல்ல காத்துதான் வரும். பொறுங்க, பின்னாலயே தண்ணி வரும்" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

என் மானத்தைக் காக்க அவர் சொன்ன அந்த வார்த்தைக்கே நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். பின்பக்கம் ஓடினேன். டிஷ்ஷைத் தூக்கினேன், ஆட்டினேன், அணைத்துக்கொண்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றி என்னை அத்தையின் மிளகாய்ச் செடித் தொட்டிகள் மேல் தள்ளிவிட்டது. சேறும் சகதியுமாக எழுந்தபோதுதான் கூரையிலிருந்து தொங்கிய பழைய ஒயர் கண்ணில் பட்டது. முன்பு குடியிருந்தவர்கள் கூரையில் விட்டுப்போன சின்ன டிஷ்ஷின் ஒயர், இந்த நாட்டு இலவசச் சேனல்களுக்கானது. ஏதாவது ஒரு படம் தெரிந்தால் போதும் என்று அதை இழுத்துக் கொண்டுபோய் ரிசீவர் பெட்டியில் செருகித் தேட விட்டேன்.

படம் வந்தது. தெற்குத் தீவின் கோடியில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு சிறிய ஊரின் உள்ளூர்ச் சேனல். அந்த ஊர்க்காரர்களுக்காக நடத்துவது, சாட்டிலைட்டில் போட்டதால் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. வளைந்த மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து காகிதத்தைப் புரட்டிக் கொண்டிருந்தார்கள். மாற்றப் போனேன்.

"இருங்க மாப்பிள்ளை. மாத்தாதீங்க. இது கவுன்சில் கூட்டம்ல?"

ஆமாம் என்றேன்.

"அதான பாத்தேன். ஒருத்தர் தூங்குறார் பாருங்க."

அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விஷயம் என்ன என்று கவிதாவைக் கேட்டார். பூங்காப் பக்கம் பொதுக் கழிப்பறை கட்டுவதா, கடைவீதிப் பக்கம் கட்டுவதா என்று தகராறு. அத்தைக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான். அவருக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனால் அதற்கப்புறம் எங்களுக்குக் கூட்டத்தை விளக்கிச் சொன்னது அவர்தான். மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினவர், ஊருக்குக் காட்டத்தான் சத்தம் போடுகிறாராம், கடைசியில் கையைத் தூக்கிவிடுவாராம். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் வழுக்கைத்தலைக்காரர் இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிறாராம்.

"அந்தப் பச்சை ஸ்வெட்டர்காரி இருக்கா பாருங்க, இன்னும் வாயே திறக்கல. ஓட்டை எண்ணி வச்சுட்டு உக்காந்திருக்கா. அவ சொல்றதுதான் நடக்கும்."

எல்லாரும் பேசி ஓய்ந்தபின் பச்சை ஸ்வெட்டர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாக நான்கு வாக்கியம் பேசினார். கழிப்பறை பூங்காப் பக்கம்தான் என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. மேஜையைத் தட்டினவர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். எங்கள் ஹாலில் கைதட்டல் எழுந்தது. தமிழ்ச் சேனலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"மாமி, உங்களுக்கு இங்கிலீசு நல்லா விளங்குதோ?" என்றார் சிவநேசன் அண்ணை.

"இதுக்கு எதுக்குங்க இங்கிலீஷ்?" என்ற அத்தை, என் பக்கம் திரும்பினார். "அடுத்த கூட்டம் எப்ப மாப்பிள்ளை? டெண்டர் விடணும்ல?"

கவிதா சமையலறை வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். சட்டையெல்லாம் சேறாக நின்ற நானும் ஒரு கிண்ணம் கேசரியை எடுத்துக்கொண்டேன்.

டிக்கெட்டை மாற்றும் பேச்சு அதோடு போயிற்று. நிலாவை மடியில் போட்டுக்கொண்டு, கூட்டம் தவறாமல் பார்த்தார் அத்தை. ஊரில் இருந்த பழைய சகாக்களுக்குப் போன் போட்டுப் பச்சை ஸ்வெட்டரின் சாமர்த்தியத்தைச் சொல்லுவார். பெரிய டிஷ்ஷை மல்லாத்தி, வேட்டி விரித்து, வடாம் காய வைத்தார். ஆறு மாதமும் முழுசாக இருந்தார். நிலாவுக்கு டேகேர் கிடைத்தது, எங்களுக்கு விசா கிடைத்தது, அஸ்திவாரத்தோடு நின்ற கழிப்பறையை டிவியில் பார்த்துவிட்டு மனசே இல்லாமல் விமானம் ஏறினார்.

சில வருஷம் கழித்து மறுபடி வந்தபோது, தெற்குத் தீவுக்கு அழைத்துப் போனோம். ஏரி, பனிமலை எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்த ஊர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வந்தது. பூங்கா ஓரத்தில் செங்கல் கட்டடம். அத்தை கைப்பையோடு உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் குளிரில் நின்றோம். கடைசியில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஒரே ஒரு முறை தலையசைத்தார்.

"தண்ணி வருது."

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு இன்றுவரை கிடையாது. மார்ட்கேஜ் கிடைத்துச் சொந்த வீட்டுக் கதவைத் திறந்தபோது கவிதா அதைத்தான் சொன்னாள். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் நிலா, பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கி வந்தால் தமிழில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித்தான் காட்டுவாள்.

போன வாரம் வீட்டில் புது வைஃபை பெட்டி மாட்டினேன். எல்லா விளக்கும் எரிந்தது. நிலா தன் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"காத்துதாம்மா வருது."