நடுக்கூடத்தில் தயாராக இருந்த பதில்

எந்த வரைபடக்காரரும் ஒப்புக்கொள்ளாத கோமேதகபுரி என்றொரு நாடு. அந்நாட்டின் சேதிகள் எல்லாம் உள்மாளிகையில் இருந்தன. எந்தக் குளம் வறண்டது, எந்தப் பாலம் இடிந்தது என்று ஊர் ஆட்கள் வந்து சொல்லச் சொல்ல, அங்கிருந்த காப்பாளர் ஏட்டில் உடனுக்குடன் திருத்தி வைப்பார். குடிகள் நேராகப் போய்க் கேட்டார்கள். சரியான பதில் வந்தது. அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை.

"குடிகளின் செருப்புத் தூசி உள்மாளிகையில் படிகிறது" என்று மன்னர் மகுடவர்மர் வருந்தினார். சேதி சொல்ல வருவோருக்குப் பின்வாசல் மட்டும் திறந்திருந்தது. அங்கே சொல்லலாம், கேட்கக் கூடாது. கேட்பவர்களுக்கு வெளியே ஜன்னல்கள் வைக்கப்பட்டன. ஜன்னலுக்கும் உள்மாளிகைக்கும் இடையே நடுக்கூடம் எழும்பியது. கேள்வியை வாங்கி உள்ளே போய்ப் பதில் கொண்டுவருவது அதன் வேலை. கொஞ்ச நாளில் கூடத்தாருக்குக் கால் வலித்தது. ஒருமுறை வந்த பதிலையே அடுத்துக் கேட்பவருக்கும் தரலாம் என்று ஆணை பிறந்தது. கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. அந்த வேகத்துக்கு மன்னர் விழா எடுத்தார்.

சிற்றேரி என்ற ஊரிலிருந்து அஞ்சுகம் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, எங்க ஏரி வத்தி வெடிச்சுப் போச்சு. எம்மக நாக்கு வறண்டு சுருண்டு கெடக்கா. ரெண்டு வண்டி தண்ணி அனுப்புங்க."

நடுக்கூடத் தலைவர் வித்தியாபூஷணர் கண்ணை மூடித் திறந்தார். "சிற்றேரி நிரம்பி வழிகிறது. கரை உடையும் அபாயம் உள்ளது."

"அது முந்தின மழையில ஐயா! வத்தினத எங்க ஊரு ஆளு பின்வாசல்ல சொல்லிட்டுப் போயிருக்கான். உள்ள போயி ஒருதரம் கேட்டுப் பாருங்களேன்."

"பதில் கையில் இருக்கும்போது உள்ளே போவது அரசின் வேகத்துக்கு இழுக்கு அம்மா."

அவள் முந்தானையில் முடிந்திருந்த ஏரி மண்ணை எடுத்து நீட்டினாள். ஜன்னல் கேள்விகளை மட்டுமே பெறும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அரசுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? மறுநாளே சிற்றேரிக்குப் படகுகள் வந்து இறங்கின. படகோட்டிகள் வெடித்த மண்ணில் துடுப்போடு உட்கார்ந்து, ஊராரின் கடைசிக் குடத்தையும் குடித்துத் தீர்த்தார்கள். வறட்சி என்று சொல்பவர் நடுக்கூடத்தைப் பொய்யாக்கும் துரோகி என்று அடுத்த ஆணை வந்தது.

அஞ்சுகம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டிப் போனாள். ஊரே அவள் பின்னால் போனது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் அதைப் பின்வாசலில் சொல்ல, காப்பாளர் ஒழுங்காகத் திருத்தி வைத்தார். அவரைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

தேர்தல் வந்தது. சிற்றேரி யாரைத் தேர்ந்தெடுத்தது என்று நடுக்கூடத்தைக் கேட்டார்கள். போன தேர்தலின் பதில் தயாராக இருந்தது: ஒருவர் விடாமல் மன்னருக்கே.

"இப்படியும் ஓர் ஊரா!" என்று மன்னர் கண் கலங்கினார். நன்றி சொல்ல வித்தியாபூஷணரையும் அழைத்துக்கொண்டு நேரில் போனார். உச்சி வெயில். வீடுகள் திறந்து கிடந்தன. ஒரு நாய்கூட இல்லை. குதிரைகள் நுரை தள்ளிப் படுத்துவிட்டன. மன்னர் உதட்டை நக்கிக்கொண்டார்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும், வித்தியாபூஷணரே."

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஏரிப் பக்கம் பணிவோடு கை காட்டினார்.

"நிரம்பி வழிகிறது, மன்னா. ஆழம் அதிகம், பார்த்து இறங்குங்கள்."